மேகமூட்டை

ஜூலை 2, புதன்

கிடைத்துவிட்டது. தினமும் பதினோரு மணிக்கு அரை மணி நேரம், ஒன்றாம் வகுப்புக்கு 'வானிலை'. கால அட்டவணையில் நானே எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். பன்னிரண்டு வருடமாக இந்தப் பள்ளியில் கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளிய ஆள் நான். நானாகப் போய் நின்று, கேட்டு வாங்கிய முதல் விஷயம் இதுதான்.

தலைமையாசிரியை சிவப்புப் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "ஒரு மாசம் பாக்கலாம் டீச்சர். பிள்ளைங்க எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு. அது ஞாபகம் இருக்கட்டும்."

மறப்பேனா? இருபத்தாறு நோட்டு, இருபத்தாறு கோழி.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிற மனிதருக்கு வானிலை என்றால் ஃப்ரீசருக்குள் இருப்பதுதான். "வாங்க, மழை டீச்சர்" என்று கதவைத் திறந்துவிட்டார். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஒரு பழைய காலுறை வேண்டும் என்று நேற்று சொன்னது என் தப்பு. யார் கொண்டுவர வேண்டும் என்று சொல்லவில்லை. இருபத்தாறு பேரும் ஆளுக்கு ஒரு காலுறையோடு வந்துவிட்டார்கள். அதில் பாதி பழையதே இல்லை. இன்று எத்தனை அப்பாக்கள் ஒற்றைக் காலுறையோடு வேலைக்குப் போனார்களோ.

நுனியை வெட்டி, வாயில் கம்பி வளையம் வைத்துத் தைத்து, குச்சியில் கட்டி மைதானத்துக்குப் போனோம். காற்று வந்தது. அத்தனையும் உப்பிக்கொண்டு ஒரே பக்கம் எழுந்தன. குதிகாலில் ஓட்டை விழுந்த ஒன்று மட்டும் தொங்கியது. "அது சோம்பேறி டீச்சர்" என்றான் அதன் சொந்தக்காரன். நானும் கூடவே ஓடினேன். முட்டி வலிக்கிறது. வலித்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 9, புதன்

தண்ணீர் பாட்டிலை வெட்டி, மேல்பாதியைக் கவிழ்த்துப் புனல் மாதிரி வைத்து, பக்கத்தில் அளவுகோல் ஒட்டிய மழைமானி. மைதானத்துச் சுவர் ஓரம் வைத்து ஒரு வாரம் ஆகிறது. ஒரு பொட்டு மழை இல்லை.

இன்று அதில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர்.

தரை காய்ந்து கிடக்கிறது, பாட்டிலுக்குள் மட்டும் மழை. "யார் ஊத்தினது?" என்றேன். பிறகு முன்பல் இரண்டும் விழுந்தவள் மெதுவாகக் கை தூக்கினாள். பொக்கை என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பியே பார்ப்பாள்.

"தினமும் சும்மாவே இருந்துச்சு டீச்சர். பாவமா இருந்துச்சு."

இதை எப்படித் திட்டுவது? கரும்பலகைக்கு மேலே பெரிதாக எழுதி ஒட்டினேன்: பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். வானிலை நோட்டில் இன்று எழுத முறை வந்தவன் 'மழை 2' என்பதை அடித்துவிட்டு, 'மழை இல்லை. ஊத்தினது' என்று எழுதினான். இதைவிட நேர்மையாக யார் எழுதுவார்?

ஜூலை 11, வெள்ளி

வானிலை நோட்டில் எழுத முறை கேட்டு இன்று அடிதடி. எழுதுவதற்குச் சண்டை! பன்னிரண்டு வருடத்தில் பார்த்ததில்லை.

ஜூலை 14, திங்கள்

இத்தனை நாளுக்குப் பிறகு வானம் சாம்பல் நிறம். 'மேகமூட்டம்' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். பொக்கை எழுதினாள்: 'இன்று மேகமூட்டை.'

"மூட்டம்மா. மூட்டை இல்ல."

"மூட்டைதான் டீச்சர். மேகத்தையெல்லாம் மூட்டையா கட்டி வச்சிருக்காங்க. அவிழ்த்துவிட்டா மழை கொட்டும்."

அவ்வளவுதான். வகுப்பே ஜன்னலுக்கு ஓடியது. முடிச்சு எங்கே, யார் அவிழ்ப்பார்கள், கத்தரிக்கோலால் வெட்டலாமா. நான் மூட்டம் மூட்டம் என்று தொண்டை வற்றக் கத்துகிறேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. மாலைக்குள் மூட்டை அவிழாமலே கலைந்துபோனது. பிள்ளைகளுக்கு வருத்தம். எனக்கும்தான்.

ஜூலை 18, வெள்ளி

இரண்டு நாளாக மறுபடி மேகம். அதாவது மூட்டை. இன்று தலைமையாசிரியை வகுப்புக்குள் வந்து வானிலை நோட்டைப் புரட்டினார். சிவப்புப் பேனா திறந்தது. மூன்று மூட்டைக்கும் வட்டம்.

"நீங்களே இதை விட்டு வச்சிருக்கீங்களே டீச்சர். சுவர் பூரா காலுறை தொங்குது, சொல்லு ஒண்ணுகூட சரியா இல்ல. அடுத்த மாசத்துலேர்ந்து பதினோரு மணி கையெழுத்துக்குப் போயிடட்டும்."

சரி மேடம் என்றேன். சரி மேடமாம். இருபத்தாறு பேர் அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறாங்க, நான் தலையாட்டிட்டு வந்து உக்காந்துட்டேன். போகட்டும்னு விடவும் முடியல — ஒரே ஒரு அரை மணி நேரம்தானே கேட்டேன்.

ஜூலை 21, திங்கள்

போவதானால் பெரிதாக ஒன்று செய்துவிட்டுப் போகலாம் என்று காற்றழுத்தமானி செய்தோம். அகன்ற வாய் பாட்டிலின் மேல் வெட்டிய பலூனை இழுத்துக் கட்டி, நடுவில் ஓர் உறிஞ்சுகுழலின் நுனியை ஒட்டினோம். மறுநுனிக்குப் பின்னால் அட்டை. மேலே சூரியன், கீழே குடை. வெளியே காற்று பாட்டிலை அழுத்தினால் குழல் சூரியனைக் காட்டும். அழுத்தம் குறைந்தால் பலூன் உப்பிக் குழல் குடைக்கு இறங்கும். நன்றாக வெளிச்சம் படும்படி ஜன்னலில் வைத்தேன். எவ்வளவு அழகாக இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

பதினோரு மணிக்குக் குழல் குடையைத் தொட்டது. தொட்டேவிட்டது. மேசை மேல் ஏறிக் குதித்தது இருபத்தாறு பேர் மட்டும் இல்லை.

ஜூலை 23, புதன்

இன்றும் குடை. காலையில் கேட்கவே வேண்டாம், பொக்கை காலைக் கூட்டத்திலேயே போய் மைக்கைப் பிடித்துவிட்டாள். "வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா அன்னைக்கு மழை வரும். எங்க பாட்டில் சொல்லிடுச்சு." பெரிய வகுப்புப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கிழமை மழை வந்தா அந்தப் பீரியட் உங்களுக்கே டீச்சர். வரலைன்னா கையெழுத்து" என்றார்.

கால் தரையில் படாமல் வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் தேநீரை ஆற்றிக்கொண்டே முழுக்கதையும் கேட்டார்.

"பாட்டிலை எங்க வச்சிருக்க?"

"ஜன்னல்ல."

"காலைல வெயில் அடிக்கிற ஜன்னலா?"

"ஆமா. நல்லா தெரியட்டும்னுதான்."

மனிதர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "உள்ள இருக்கிற காத்து சூடாகி உப்புது. அது மழைன்னு சொல்லலம்மா. வெயில் அடிக்குதுன்னு சொல்லுது."

ஐயோ. வெயிலைப் பார்த்துவிட்டு மழை என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

விடிந்தும் விடியாததுமாகப் பள்ளிக்குப் போய்ப் பாட்டிலை அலமாரி நிழலுக்கு மாற்றினேன். பதினோரு மணிக்குக் குழல் சூரியனுக்குக் கொஞ்சம் கீழே, அசையாமல் நின்றது.

பேசாமல் இருந்துவிடலாம். நாளைக்கே தற்செயலாக மழை வந்தாலும் வரலாம், பீரியட் தங்கும். இருபது நிமிடம் இப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், கரும்பலகைக்கு மேலே நானே ஒட்டிய வரிக்குக் கீழே நின்றுகொண்டு.

கடைசியில் பிள்ளைகளிடம் சொன்னேன். டீச்சர் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டேன், அது சொன்னது மழையை இல்லை, வெயிலை என்று. பொக்கை என்னையே பார்த்தாள்.

"அப்ப நீங்களும் ஊத்திட்டீங்களா டீச்சர்?"

ஆமாம்மா. நானும் ஊத்திட்டேன்.

"பரவால்ல டீச்சர். அடிச்சிட்டு எழுதிடலாம்."

அடித்துவிட்டு எழுதினோம். பிறகு இருபத்தாறு பேரையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனேன். பாதிப் பேர் வாசலில் நின்றார்கள், இடம் இல்லை. "வெள்ளிக்கிழமை மழை வருமான்னு எங்களுக்குத் தெரியாது மேடம்" என்றேன். இதைச் சொல்வதற்கு இவ்வளவு பெரிய ஊர்வலமா என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "சரி, போங்க" என்றார்.

ஜூலை 25, வெள்ளி

மண்டையைப் பிளக்கும் வெயில். ஒரு மேகம், பேச்சுக்கு ஒரு மேகம்கூட இல்லை. சாக்கு ஓட்டத்தில் என் வகுப்பு மூன்று பேர் சாக்கோடு உருண்டு வரும்போது நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். தோற்ற வகுப்பு இவ்வளவு சந்தோஷமாக இருக்கக் கூடாது.

நோட்டில் இன்றைய வரி: 'வெயில். ரொம்ப வெயில். மூட்டை இல்லை.'

ஜூலை 28, திங்கள்

தலைமையாசிரியை வானிலை நோட்டை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பதினோரு மணிக்குப் பிள்ளைகள் எழுத எதுவும் இல்லாமல் ஜன்னலில் நின்றார்கள்.

ஜூலை 30, புதன்

நோட்டு திரும்பி வந்தது. சிவப்பு மை மழையாகப் பெய்திருக்கிறது. 'காட்று' திருத்தம். 'வெய்யிள்' திருத்தம். 'ஊத்தினது' — ஊற்றியது. 18ஆம் தேதிக்குப் பிறகு மூட்டை ஐந்து இடத்தில் வருகிறது, நானே எண்ணினேன். ஒன்றுக்கும் வட்டம் இல்லை. கடைசிப் பக்கத்தில் சின்னதாக: 'முதல் பக்கத்தைவிட இது பரவாயில்லை. கோடு போட்டு எழுதட்டும்.'

எதைக் கோடு போட்டு எழுதட்டும்? எந்தப் பீரியடில்? கேட்கத் துணிச்சல் வரவில்லை. நான்கு தடவை அந்த வரியைப் படித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் புதிய கால அட்டவணை. பதினோரு மணிக்கு எதிரே 'வானிலை நோட்டு எழுதுதல்' என்று இருந்தது. அங்கேயே, நடைவழியிலேயே, ஒரு சுற்று சுற்றினேன். கணக்கு டீச்சர் பார்த்துவிட்டார்.

பத்து மணிக்கு வானம் இருண்டது. நிழலில் இருந்த குழல் தானாகவே குடைக்கு இறங்கியது. பதினொன்றரைக்குப் பள்ளி வாசல் பலகையில் பெற்றோருக்கு ஓர் அறிவிப்பு, சிவப்பு மையில், அச்சுக் கோத்த மாதிரி நேரான கையெழுத்தில்:

'இன்று மேகமூட்டை. பிள்ளைகளை அழைத்துப் போகக் குடையுடன் வரவும்.'

அழைக்க வந்த அப்பாக்களும் அம்மாக்களும் எழுத்துப்பிழை என்று சிரித்தார்கள். பொக்கை ஒவ்வொருவராக நிறுத்தி, அது பிழை இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார், திருத்தவில்லை.

மழை: மூன்று சென்டிமீட்டர். யாரும் ஊற்றவில்லை. நனைந்துகொண்டே நின்று பார்த்தேன்.