ஐந்து டேப்புக்கு ஓர் அடி குறைவு

பொங்கலூர்
ஐப்பசி 9

அன்புள்ள சுபஸ்ரீ கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன்.

போனில் சொல்லலாமே என்பாய். நீ "கேக்குதாம்மா, கேக்குதாம்மா" என்று இரண்டு தடவை கேட்டதும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு அங்கே மழையா என்று கேட்டுவிடுகிறேன். பிறகு உன் அண்ணி போனை வாங்கிக்கொள்கிறாள். அதனால் கடிதம். உன் அப்பாவுக்கு இது தெரியாது.

பஸ் விஷயம் உனக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் ஊர் சுற்றப் போகிறார்கள் என்று உன் அண்ணன் தரணி குடும்ப குரூப்பில் போட்டிருந்தான். நீ மூன்று இதயம் போட்டிருந்தாய். அப்பா ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஆவணியில் வீடு தரணீதரன் பெயருக்கு மாறியது. நீயும் வந்து கையெழுத்துப் போட்டாய். மாப்பிள்ளைக்கு மறுநாள் வேலை என்று சாப்பிடாமல் கிளம்பினாய். அடுத்த ஞாயிறு, இலையில் இரண்டாம் முறை சோறு விழும்போது தரணி ஆரம்பித்தான். "ஏனுங்கப்பா, நாப்பது வருசம் கம்பெனி கம்பெனின்னே கெடந்துட்டீங்க. இனியாச்சு ரெண்டு மாசம் நாலு ஊரு பாருங்க. பழைய பஸ்ஸு ஒண்ணு வாங்கி, உள்ளயே கட்டலு, அடுப்பு எல்லாம் வெச்சுக் குடுத்தர்றனுங்க." கவிப்பிரியா போனை என் முன்னால் நீட்டினாள். "பாருங்கத்தை, புருசனும் பொண்டாட்டியும் பஸ்ஸுலயே குடியிருக்கறாங்க. எத்தன அழகா இருக்குதுங்க."

அழகாகத்தான் இருந்தது. அவர்களுக்கு முப்பது வயது இருக்கும்.

பஸ் எனக்கு ஒத்துக்கொள்ளாது. பல்லடம் தாண்டினால் வாந்தி. சின்ன வயதில் எலுமிச்சம்பழத்தை என் மூக்கருகே பிடித்துக்கொண்டு வருவாய். இந்த வீட்டில் அது வேறு யாருக்கும் நினைவில்லை. அப்பாவுக்குக்கூட.

குரூப்பில் தரணி போடாத ஒன்று இருக்கிறது. தை பிறந்ததும் வீட்டை இடிக்கிறார்கள். நம் பனியன் கம்பெனியை ஒட்டி இருப்பதால் இந்த இடத்தில்தான் வடநாட்டுப் பையன்களுக்கு ஹாஸ்டல் கட்ட வேண்டுமாம். அறுபத்து நான்கு கட்டில். ஆள் ஒருவருக்கு இத்தனை அடி இடம் இருந்தே ஆக வேண்டும் என்று துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கவிப்பிரியாவும் அவனும் அவிநாசி ரோட்டில் அடுக்குமாடியில் வீடு பார்த்துவிட்டார்கள். இரண்டு படுக்கையறை. ஒன்று அவர்களுக்கு, ஒன்று குழந்தைகளுக்கு.

யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. ஊர் சுற்றத்தான் சொன்னார்கள்.

வீட்டு வேலைக்கு வரும் பாண்டியம்மாள்தான் நேராகக் கேட்டாள். "ஏனுங்கம்மா, தையிலிருந்து பாத்தரம் வெளக்க நான் பஸ்ஸுக்கு வரோணுங்களா? எந்த ஸ்டாப்புல நிக்கறதுங்க?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

முதலில் நம் கம்பெனி வண்டியையே எடுத்துக்கொள்ளச் சொன்னான் தரணி. மூலனூரிலிருந்து ஆள் ஏற்றி வருமே, அது. அதை ஓட்டும் ராக்கையா ராமநாதபுரத்துக்காரர், மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். "தம்பி, இந்த வண்டி தெனமும் சாமி கும்புட்டுத்தான் கெளம்புது. காசிக்குப் போகும். திரும்பி வராது" என்றார். "போறதுதான ராக்கையாண்ணா முக்கியம்" என்றான் தரணி. எல்லோரும் சிரித்தோம். நானும்.

அதன் பிறகு அப்பாவே பஸ் தேடக் கிளம்பினார், ராக்கையாவைக் கூட்டிக்கொண்டு. கட்டிங் டேபிளில் கிடந்த இஞ்சு டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பனியனுக்கு மார்பும் நீளமும் அளந்த டேப். அறுபது அங்குலம்தான். அதை வைத்து வைத்து பஸ்ஸை அளந்தார். பழைய வண்டி விற்கிறவன், "ஐயா பஸ்ஸுக்குச் சட்டை தெக்கறாருங்களா?" என்று கேட்டானாம்.

கோவையில் ஒரு ஆம்னி பஸ். படுக்கை எல்லாம் ஏற்கெனவே இருந்தது. எட்டு டேப் நீளம். தரணிக்கு அதுதான் பிடித்தது. அப்பா வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. ராக்கையாவிடம் மட்டும் கேட்டிருக்கிறார், திம்பம் மலை வளைவில் இது திரும்புமா என்று. "காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போறவுக திம்பம் வளைவை எதுக்கு மொதலாளி கேக்குறீக?" என்றாராம் ராக்கையா. "கேட்டு வெச்சுக்கறதுதான், விடப்பா" என்றாராம் அப்பா.

இதை ராக்கையா என்னிடம் சொல்லி மூன்று நாள் ஆகிறது. மூன்று நாளாக யோசிக்கிறேன். அப்பா எழுதி வைத்திருக்கும் ஊர்ப் பட்டியலில் காசி இருக்கிறது. கன்னியாகுமரி, ராமேஸ்வரம், பூரி இருக்கின்றன. உன் மைசூர் இல்லை.

திம்பம் ஏறினால் வேறு எந்த ஊர் வரும், கண்ணு?

இன்று இவ்வளவு போதும். மின்சாரம் நின்று நின்று வருகிறது.

ஐப்பசி 14

நேற்று நானும் போனேன். பல்லடம் பக்கம் ஒரு ஷெட். பழைய ஸ்கூல் பஸ். மஞ்சள் நிறம். சீட்டெல்லாம் கழற்றி வைத்திருந்தார்கள். நல்ல மழை. அப்பா நனைந்துகொண்டே டேப் வைத்தார். ஐந்து டேப்புக்கு ஓர் அடி குறைவு. பிறகு அகலம். பிறகு, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகளையும் சேர்த்து மறுபடி அகலம். ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டார். வேறெந்தப் பஸ்ஸிலும் என்ஜினைத் திறந்துதான் முதலில் பார்ப்பாராம். இதில் கண்ணாடியை மடக்கிப் பார்த்தார்.

தரணியும் வந்திருந்தான். போனில் பேசிக்கொண்டே இருந்தவன், கிளம்பும்போது வண்டி விற்கிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "கூரை எப்படீங்க? அடுத்த ஐப்பசிக்கும் ஒழுகாதுங்களா?"

அப்பா டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. பிறகு சுருட்டினார்.

இரண்டு மாதம் ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு அடுத்த ஐப்பசியைப் பற்றி என்ன கவலை, நீயே சொல்.

அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. பின்பக்கம் 'அவசர வழி' என்று எழுதியிருக்கும் கதவை ஒட்டி எங்கள் கட்டில் வரும். உள்ளே ஏறி நின்று பார்த்தேன். ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது. ஸ்கூல் பஸ்ஸுக்கு அப்படித்தானாம்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன்.

நீ மைசூரில் வீடு கட்டிக் குடிபுகுந்த அன்றும் அப்பா லாட்ஜில்தான் படுத்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள, பொண்ணக் குடுத்த ஊட்டுல தல சாய்க்கற பழக்கம் எங்களுக்கில்லீங்க" என்றார். உன் மாமியார் முகம் சுருங்கியது. நீ என்னிடம் சண்டை போட்டாய், எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்று. உன் வீட்டில் ஒரு வாய் காப்பிக்கு மேல் அவர் எதுவும் தொட்டதில்லை. இந்த வயதில் அவரை மாற்ற என்னால் முடியாது. மகன் வீடு இல்லை. மகள் வீட்டில் தங்க மாட்டார். வாடகை வீட்டில் இருந்தால் ஊர் தரணியை என்ன பேசும் என்று அதற்கும் மாட்டார். அவனுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதாம். இன்னும்.

ஆனால் பஸ் அவருடையது. அதன் கூரை அவருடைய கூரை. அது உன் வாசலுக்குள் நின்றால், அவர் உன் வீட்டில் இல்லை. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். டேப் வைத்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

எங்களுக்கு எதுவும் செய்ய வேண்டாம். சமையல் உள்ளேயே. தண்ணீர் மட்டும் உங்கள் குழாயில் பிடித்துக்கொள்வோம். ராக்கையா கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஊர் பஸ் பிடித்துத் திரும்பிவிடுவார். நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸில் எனக்கு வாந்தி வராது.

மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வாயோ, உன் இஷ்டம். ஊர் சுற்றப் போகும் வழியில் வருகிறார்கள் என்று சொல். எத்தனை நாள் என்று கேட்டால், வண்டியில் சின்ன வேலை இருக்கிறது என்று சொல்.

மழையில் நனையாதே. பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் போட்டு அனுப்பு. மாகாளி உன்னையும் உன் வீட்டாரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

உங்கள் வாசல் கேட்டின் அகலத்தை அளந்து, உடனே எழுது. தூணுக்குத் தூண் அல்ல. இரண்டு கதவையும் முழுதாகத் திறந்துவைத்த பிறகு நடுவில் எவ்வளவு இருக்கிறதோ, அது. எங்களுக்கு எட்டே முக்கால் அடி வேண்டும். கண்ணாடியை மடக்கினால் எட்டு போதும்.

உன் அம்மா
விஜயகுமாரி