கமலாவுக்குத் தைத்த மெத்தை

12-1-1958, ஞாயிறு.

மனைவி கமலாவுக்கு மூச்சிளைப்பு. மலைக்காற்றில் நாலு நாள் தங்கட்டும் என்றுதான் ராணுவ ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய பெரிய வண்டியோடு மல்லுக்கட்டினேன். ஸ்பிரிங் பட்டையை உயர்த்தினேன். பின்சீட்டைக் கழற்றிப் படுக்கை போட்டு, தோல் பதனிடும் எங்கள் டேனரியிலேயே முதல் தரத் தோலாகப் பொறுக்கி மெத்தை தைத்தேன்.

ஜவ்வாது மலைப்பாதையில் வண்டி ஜோராக ஏறியது. மேலே நிறுத்தி, குளிருக்காகக் கண்ணாடிகளை ஏற்றினேன். படுத்தவள் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாள்.

“இன்னாங்க இது? டேனரி நாத்தம் வாணாம்னு மலைக்கு வந்தா, அதையே மெத்தையா தெச்சுப் போட்டிருக்கீங்களே! உங்களுக்குத் தெரியலியா?”

உடனே திரும்பிவிட்டோம். அவள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நான் வண்டிக் கொட்டகைக்குப் போய் மெத்தையில் மூக்கைப் புதைத்து முகர்ந்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.