துவைக்காத சட்டை

4 மார்ச்

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. நான் சுகம், உன் அண்ணன் சுகம். தையல் மிஷினுக்கு மட்டும் மிதித்தால் முழங்கால் கிறீச்சிடுகிறது, என்னைப் போலவே. மொட்டையைப் பற்றித்தான் நீ முதலில் தேடுவாய் என்று தெரியும். அதனால்தான் அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் இவ்வளவு எழுதுகிறேன், மரியாதையாக முழுசும் படி.

உன் அண்ணனுக்கு மீசையில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. தினமும் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாக வெட்டுகிறார். அது என் துணி வெட்டும் கத்தரி!

சரி, உன் செல்லத்துக்கு வருகிறேன். லாரி நிறுத்துமிடத்தில் கழுத்தில் கம்பி இறுகி, உடம்பில் ஒரு முடிகூட இல்லாமல் கிடந்த நாயைச் சட்டையில் சுற்றித் தூக்கி வந்தாயே, இப்போது அதற்கு என் தலையைவிட அடர்த்தியான முடி. பெயர் மட்டும் இன்னும் மொட்டை. நீ வெளியூர் ஆஸ்பத்திரிக்குச் சலவை வேலைக்குப் போய் ஆறு மாசம். சோறு போடுவது நான், குளிப்பாட்டுவது நான், உண்ணி பிடுங்குவது நான். ஆனால் சாயங்காலம் ஐந்தரை ஆனால் துரை வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறார். நீ இங்கே இருந்தபோது வேலை முடிந்து வரும் நேரமாம்! எதிரில் நின்று கூப்பிட்டால், 'கொஞ்சம் தள்ளு, தெரு மறைக்குது' என்பதுபோல் ஒரு பார்வை.

போன வாரம் போனில் உன் குரலைக் கேட்டு, பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் எல்லாம் உன்னைத் தேடியது. அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. இனிமேல் போன் வேண்டாம், கடிதமே போடு.

உன் அண்ணி


17 மார்ச்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படித்தேன். கோபிக்காதீர்கள்.

இத்துடன் என் சட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். மூன்று நாள் போட்டிருந்தது. மொட்டை படுக்கும் இடத்தில் விரித்துவிடுங்கள். துவைக்க வேண்டாம். இங்கே நாள் முழுக்க அடுத்தவர் துணியிலிருந்து வாசனையைப் போக்குவதுதான் என் வேலை. என் வாசனை ஒரு இடத்திலாவது இருக்கட்டுமே.

அது என்னை மறந்துவிட்டு வேறு யார் காலடியிலாவது படுத்துக் கிடக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. சிரிக்காதீர்கள் அண்ணி.

உங்கள் நாத்தனார்


9 ஏப்ரல்

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் சிரிக்கவில்லை. உன் அண்ணன்தான் சிரித்தார். "அழுக்குச் சட்டைக்குத் தபால் செலவா? நம்ம வீட்டுலயே மூட்டை மூட்டையா கிடக்கே"ன்னு.

சட்டை வந்தது, விரித்தேன். மொட்டை மோந்து பார்த்தது, போய்விட்டது. நான் என்ன செய்ய? நாய் மனசு.

இன்னொரு செய்தி. நான் அளவு நாடாவை உருவினாலே அது தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும், ஞாபகம் இருக்கிறதா? கம்பி என்று நினைத்துக்கொள்ளும். அதற்காகவே கதவைச் சாத்திவிட்டுத்தான் இத்தனை நாள் அளவெடுத்தேன். "என்னக்கா, எனக்கு மட்டும் ரகசிய அளவா?" என்று வாடிக்கைக்காரிகள் கேலி பண்ணினார்கள். நேற்று மறந்துபோய் அதன் முன்னாலேயே நாடாவை உருவிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தது, கொட்டாவி விட்டது, என் காலடியிலேயே தூங்கிவிட்டது. எனக்கு நாடாவில் எண்ணே தெரியவில்லை, கண்ணில் தண்ணி.

கம்பி கட்டியவனை மறந்துவிட்டது. ஐந்தரை மணியை மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

உன் அண்ணி


20 மே

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று சட்டை அனுப்பிவிட்டேன். மூன்றையும் மோந்துவிட்டுப் போய்விட்டது என்று எழுதிவிட்டீர்கள்.

உங்களிடம் சொல்லாத ஒன்று. இங்கே கீழ்த்தளத்தில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. நாய் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். அடுத்த மாசம் மொட்டையைக் கூட்டிப்போக வருவதாக இருந்தேன். ஆனால் என் வாசனையே அதற்கு மறந்துபோனபின் எதற்கு இன்னொரு முறை அதைப் பிடுங்கி நடுவது? உங்களிடமே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சட்டை வைத்திருக்கிறேன். இதுக்கும் வராவிட்டால் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாத்தனார்


2 ஜூன்

அன்புள்ள நாத்தனாருக்கு,

இதை எழுத நான்கு நாள் ஆனது. எழுத்து வராமல் இல்லை.

மூன்று சட்டையையும் துவைத்துத்தான் விரித்தேன். நல்ல சோப்புப் போட்டு, அடித்து, வெயிலில் உலர்த்தி. அது உன்னை மறக்கவில்லை கண்ணு, நான்தான் உன்னை அலசி ஊற்றினேன். உண்ணி பிடுங்கும் கை என்னுடையது, வாசலில் உட்காருவது உனக்காக. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆகவில்லை. இந்த வயசில் ஒரு நாய்க்காக நாத்தனாரோடு போட்டி. வெளியே சொன்னால் ஊசிகூட என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு நாலாவது சட்டையை அப்படியே கீழே வைத்தேன். மொட்டை மூக்கை உள்ளே நுழைத்தது, அப்புறம் நிமிரவே இல்லை. ஒரு சத்தம் போட்டது, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சட்டையை வாயில் கவ்வி வாசலுக்கு இழுத்துப்போய் அதன்மேல் படுத்தது. இரண்டு நாள் என் கைச் சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் அண்ணனோடு மொட்டையை அனுப்புகிறேன், இந்தக் கடிதமும் அவர் கையில்தான். பையில் என் பழைய ரவிக்கை ஒன்று இருக்கும். மூன்று நாள் போட்டு மிஷினில் உட்கார்ந்தது. மொட்டையின் பக்கத்தில் விரித்துவிடு. துவைக்காதே. துவைக்கத் தோன்றும். எவ்வளவு தோன்றும் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அண்ணி என்று இன்னும் சொல்லலாமென்றால், அண்ணி


19 ஜூன்

அண்ணி,

மூன்று நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். அதனால்தான் தாமதம். மீதி நாளெல்லாம் வேலை.

மொட்டை என்னைப் பார்த்ததும் தரையெல்லாம் ஈரம் பண்ணிவிட்டது. அண்ணன் செருப்பும் தப்பவில்லை. அப்புறம் உங்கள் ரவிக்கையை விரித்தேன். என் மடியிலிருந்து இறங்கிப்போய் அதில் மூக்கை வைத்துக்கொண்டது. நான் வாளியில் தண்ணீர் பிடித்தேன். சோப்பைக் கையில் எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு அந்தத் தண்ணீரில் அண்ணனின் செருப்பைக் கழுவினேன்.

இங்கேயும் ஐந்தரை ஆனால் வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறது. நான் பக்கத்திலேயே இருக்கிறேன். கூப்பிட்டால், 'கொஞ்சம் தள்ளு' என்று ஒரு பார்வை.

ரவிக்கையில் வாசனை குறைந்துகொண்டே வருகிறது. அடுத்ததை அனுப்புங்கள்.

உங்கள் நாத்தனார்