கத்தி கன்னத்தில் இருக்கும்வரை

பிப்ரவரி 6

கைக்கட்டு மாற்றிய நர்ஸ் இன்று என் வீட்டுக்காரருடைய தாடியை விலக்கிப் பார்த்தாள். "உள்ள சிவந்து கிடக்கு. முடிய எடுத்தாத்தான் மருந்து பிடிக்கும். தாடையில வந்திருக்கிற புதுத் தோல்ல மட்டும் பிளேடு படவே கூடாது" என்றாள்.

வீட்டுக்கு வந்து சோறு ஊட்டும்போது கேட்டார், "யாரு எடுக்கிறது?" இன்னொரு கவளத்தை வைத்தேன்.

பஸ் பணிமனையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது சீறிய வெந்நீர் இரண்டு கைகளையும் வலது தாடையையும் பதம் பார்த்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கைகளைக் கட்டினார்கள். வாயைக் கட்டவில்லை. திரைச்சீலை கோணல், மின்விசிறி சத்தம், நான் துண்டைப் பிழியும் விதம் — படுத்தபடியே எல்லாவற்றுக்கும் ஒரு சொல். பாவம்தான். பாவம் என்று நினைத்து நினைத்தே அலுத்துப்போகிறது.

பிப்ரவரி 8

சலூன்காரரை வீட்டுக்கே வரச் சொல்லலாம் என்றேன். "இந்தக் கையோட வெளியாளு முன்னாடி உக்கார மாட்டேன்." சரி, முடிந்தது.

அவருடைய பழைய ரேசரை எடுத்தேன். இரண்டு இழுப்பிலேயே முடி அடைத்துக்கொண்டது. பிளேடு எங்கே போகிறது என்று கண்ணுக்கே தெரியவில்லை. புதுத் தோல் பக்கத்தில் வரும்போது அவர் துள்ளினார், நானும் துள்ளினேன். பாதி அறுத்த வயல் மாதிரி ஒரு கன்னத்தோடு தூங்கப் போனார்.

பிப்ரவரி 9

எங்கள் தையல் கம்பெனி திறக்கப்போகும் புது யூனிட்டில் துணி வெட்டும் பகுதியை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேனேஜர் மறுபடியும் கேட்டார். "மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்கக்கா."

இவரிடம் ஆரம்பித்தேன். வாக்கியம் முடியவில்லை. "அதெல்லாம் நமக்கு எதுக்கு?"

நமக்கு. இந்த நமக்குள்ளே நான் எந்தப் பக்கம் இருக்கிறேன்?

பிப்ரவரி 12

வேலை முடிந்து சலூன் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். பிளேடு கண்ணுக்குத் தெரிகிற கத்தி வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"எந்த சலூனுக்குக்கா?"

"சலூன் இல்ல. வீட்டுக்காரருக்கு."

"அவரே பண்ணிப்பாரா?"

"நான்தான் பண்ணணும்."

கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார், "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

எத்தனை நாள் கழித்துச் சிரித்தேனோ.

மூன்று கத்திகளை விரித்து வைத்தார். ஒன்று முழு எஃகு, அழகு. ஆனால் ஒவ்வொரு தடவையும் தோல்வாரில் தீட்ட வேண்டுமாம். தலை வாரவே நேரமில்லாதவளுக்கு அது எதற்கு? அடுத்தது பிளாஸ்டிக் பிடி, பாதி பிளேடு மாட்டுவது. கற்றுக்கொள்கிறவர்கள் இதைத்தான் வாங்குவார்கள் என்றார். கையில் வைத்ததே தெரியவில்லை. அதுதான் பிடிக்கவில்லை. எடையில்லாத கத்தியை நாம் அழுத்துவோம். வெட்டுமேசையில் துணி கோணலாகப் போவது அப்படித்தான்.

மூன்றாவதும் பிளேடு மாற்றுவதுதான். ஆனால் இரும்பு, நுனி உருண்டை, பிடியும் அலகும் விரலில் சமமாக நின்றன. "நுனி உருண்டையா இருந்தா குத்தாது. முதல் கத்திக்கு இது போதும்" என்றார். எடுத்துக்கொண்டேன். எனக்கென்று ஒரு பொருளை இப்படி நிதானமாகப் பார்த்து வாங்கியதே இல்லை. இதுவும் எனக்கில்லைதான். பின்னே யாருக்கு?

பிப்ரவரி 13

பலூனில் நுரை தடவிப் பழகச் சொன்னார் கடைக்காரர். முதல் பலூன் வெடித்தது. உள்ளறையிலிருந்து அவர் குரல்: "அடுத்தது நானா?"

இரண்டாவது பிழைத்தது.

பிப்ரவரி 15

நாத்தனார் போனில், "எங்கண்ணன் கழுத்துல கத்தி வைக்கப்போறியாமே. ரொம்ப நாளா ஆசையா?" என்றாள். ஒரு காலத்தில் நான் கழுத்தை நீட்டினேன், இப்போது அவர் முறை என்றேன். அவரும் சிரித்தார்.

கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்து, வெந்நீர்த் துண்டு போட்டு, நுரை தடவினேன். தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, மேலிருந்து கீழே. புதுத் தோலுக்கு ஒரு விரல் முன்னாலேயே நிறுத்த முடிந்தது. அலகு கண்ணெதிரே இருந்தது.

திடீரென்று உறைத்தது. வீடு அமைதியாக இருக்கிறது. அவர் பேசவில்லை. பேசினால் வெட்டும்.

அப்போதுதான் சொன்னேன். திட்டமிடவில்லை. "புது யூனிட்டுக்குப் போகப்போறேன். ரெண்டு பஸ் மாறணும். வர ஏழு மணி ஆகும். உங்ககிட்ட அனுமதி கேக்கலை, சொல்றேன்." கத்தி இடது கன்னத்தில் இருந்தது. அவர் கண் மட்டும் என்னைப் பார்த்தது. என் கை ஆடவில்லை, அதுதான் ஆச்சரியம். இவ்வளவு வருஷத்தில் நான் ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்தது இன்றுதான்.

கழுத்தைத் துடைத்துவிட்டேன். ஒரு கீறல் இல்லை. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

பிப்ரவரி 16

ஒரு சொல் இல்லை. திரைச்சீலை கோணலாகத்தான் தொங்குகிறது.

பிப்ரவரி 17

இந்த அமைதிக்கு அந்தப் பேச்சே தேவலை. தப்பு பண்ணிட்டேனா? கைக்கட்டோட கிடக்கிற மனுஷன்கிட்ட, அதுவும் கத்திய வெச்சுக்கிட்டு — யாராவது கேட்டா என்ன சொல்லுவாங்க? சொன்னது தப்பில்ல. சொன்ன விதம்? தெரியல. தூக்கம் வருது, தூங்க முடியல.

பிப்ரவரி 19

இரண்டாவது சவரம். இன்று நான் ஒன்றும் பேசுவதாக இல்லை. பாதியில் அவர் கட்டுப்போட்ட கையை அசைத்தார். கத்தியை எடுத்தேன்.

"கை ஆறிடும்னு டாக்டர் சொல்றார். ஸ்பேனர் பிடிக்க வருமான்னு கேட்டா பேச்சை மாத்துறார்."

அலகில் இருந்த நுரையைத் துண்டில் துடைத்தேன்.

"நீ போயிட்டா நான் இந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு கிடக்கணும். அதான். வேற ஒண்ணுமில்ல."

பாதி முகத்தில் நுரை, பாதி முகம் வெளுத்து. அந்த 'அதெல்லாம் நமக்கு எதுக்கு'க்குள் பயம் இருந்திருக்கிறது. எல்லாத் தடவையும் அதுதானா, சும்மா திமிரும் இருந்ததா? கேட்கவில்லை. "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. என் வாயை எதுக்கு அடைக்கிறீங்க?" என்றேன். தலையாட்டினார். மீதிக் கன்னத்தையும் எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 26

மேனேஜரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 22

கட்டுப் பிரித்தாயிற்று. விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. பணிமனையில் சாமான் அறையில் வேலை தருவதாகச் சொல்கிறார்களாம். "எடுத்துக் குடுக்கிற வேலை" என்று முணுமுணுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 8

புது யூனிட்டில் முதல் நாள். ஒரு மெஷின் ஓடவில்லை, ஒருத்தி வரவில்லை, வெட்டிய துணியில் ஒரு அடுக்கு முழுக்க அளவு தவறு. இரண்டு பஸ்ஸிலும் உட்கார இடமில்லை. படியேறும்போது கால் என்னுடையதாக இல்லை.

உள்ளே சோறு குழைந்திருந்தது. சரியாக மடங்காத விரலோடு அவரே வடித்திருக்கிறார். தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு இன்னிக்கு, முழுசா சொல்லு."

சொன்னேன். மெஷினில் ஆரம்பித்து, அந்தப் பெண் வராததற்குப் போய், அளவு தவறியதற்கு வந்து, சுற்றி வளைத்து, வெகுநேரம். அவர் முகத்தில் நுரை இல்லை. ஆனாலும் குறுக்கே பேசவில்லை.