இருபத்திரண்டு துண்டுச் சங்கு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், விழுப்புரத்தில் எங்கள் வீட்டு பீரோக் கதவில் இன்று காலை ஒரு காயில் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. பீரோ நலம். காயிலும் நலம்.

உன் காது மெஷினோட காயில்தான்டா. உன் மண்டைத் தோலுக்கு அடியில் இருந்த காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளுமே, அந்த வட்டம். ஆடியில் ஐந்து நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு உன் அம்மா அதை என் கையில் வைத்தார். "நீயே வச்சிக்கப்பா. ரெண்டு பேரும் இத வச்சிதான என்னமோ பண்ணிக்கினு இருந்தீங்க."

அந்த 'என்னமோ' நாளை திண்டிவனத்தில் அறிவியல் கண்காட்சி மேசை ஏறுகிறது. இருவர் பெயரிலும்.

நினைவிருக்கிறதா, விக்கிரவாண்டி டோல்கேட்? பஸ்ஸில் நான் உதட்டை மட்டும் அசைத்துப் பேச, பேட்டரி போய்விட்டதென்று நீ பதறிப் பையைத் துழாவினாய். லாரி ஹாரன் கேட்டதும் குட்டு உடைந்தது. "எரும! செவிடன் காதுல ஊதுன சங்குன்னு சொல்றாங்களே, என் காதுல ஊதிப் பாரு. இருபத்திரண்டு துண்டா கேக்கும்" என்றாய். உன் உள்காதுக்குள் இருந்த கம்பியில் இருபத்திரண்டு மின்முனைகள். அவை நரம்பைத் தட்டுவதுதான் உனக்குச் சத்தம். அந்த நரம்பு எப்படித் துடிக்கிறது என்று கணினியில் எழுதிப் பார்க்க அன்றுதான் கிளம்பினோம்.

நோட்டால் வாயை மறைத்துப் பத்துச் சொற்கள் சொன்னேன். காதில் விழுந்ததை நீ எழுதினாய். 'கல்' என்றேன், 'பல்' என்று எழுதினாய். பல்லைக் காட்டினேன்.

"இளிக்காத. நான் தப்பா கேட்டா அதான்டா நமக்கு விடை. நம்ம நரம்பும் அதே தப்பப் பண்ணணும்."

கணினியில் நாம் எழுதிய நரம்பு ஒரு சொல்லிலும் அந்தத் தப்பைப் பண்ணவில்லை. தட்டிய போதெல்லாம் துடித்தது. "ஒரு தபா துடிச்சா கொஞ்சம் மூச்சு வாங்காதா? அது நரம்புடா, உன் வாயில்ல" என்றாய். நான் பீற்றிக்கொள்ளத் தொடங்கினால் காயிலைக் கழற்றி பஸ் கம்பியில் ஒட்டிவிட்டு, நிம்மதியாக மல்லாட்டை உரித்துக் கடலையை மெல்வாய்.

நீ சொன்ன அந்த மூச்சை எழுதிச் சேர்த்துவிட்டேன். இப்போது கேள்: பத்துக்குப் பத்து! நீ தவறிய இடத்திலெல்லாம் நம் நரம்பும் தவறுகிறது. இது வெறும் மாதிரி இல்லை, முன்மாதிரி! நேற்று வாத்தியார் கைகுலுக்கினார். தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

இந்தப் பேச்சைத்தான் காலையில் பீரோ கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். குனிந்தபோது சட்டைப்பையிலிருந்த காயில் கதவுக்குத் தாவியது. பஸ் கம்பியில் கேட்ட அதே 'டக்'.

சரி, சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கேட்டு எழுத நீ இல்லை. இருப்பது அந்தப் பத்து விடைகள்தான். அவற்றை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். நம் நரம்பு உன்னைப் போலக் கேட்கவில்லை. உன் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்தது.

அந்த வரிகளை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். பத்துக்கு நாலு. நாலும் நீ சொன்ன மூச்சால் வந்தவை. நாளை அந்த நாலோடுதான் மேசைக்குப் பின்னால் நிற்பேன். வாத்தியாரிடமும் சொல்வேன். மீதி ஆறை விடப்போவதில்லை.

பீற்றல் முடிந்தது. காயில மாட்டிக்கடா.