நூற்று அறுபத்து நாலுக்கு ஒன்று

பிரிட்டா கண்ணே,

நீ பண்டிகைக்கு வரவில்லை. அப்பாதான் வராதே என்றாரே, எப்படி வருவாய்?

ஓட்டுக் கணக்கைத் தீயணைப்பு நிலையக் கதவில் ஒட்டியதிலிருந்து ஊரில் வேறு பேச்சே இல்லை. நூற்று அறுபத்து நாலு ஓட்டு அப்பா கட்சிக்கு, ஒன்றே ஒன்று உன் கட்சிக்கு. மில்வாக்கியிலிருந்து உன் தபால் ஓட்டு வந்ததைத் தபாலாபீஸ் வெர்னா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், "என்ன ஆரின், அந்த ஒத்த ஓட்டு உம் பொண்ணோடதாமே?" என்று சிரித்தார்கள்.

"எனக்குப் பொண்ணே கிடையாது" என்றார் அப்பா. நான் பக்கத்தில் உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வாக்குச்சாவடியில் தபால் உறைகளைச் சரிபார்த்தவள் நான். தபால் ஓட்டென்றால் உறைமேல் இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்; உன் உறையில் அது இல்லை. அவ்வளவு பெரிய நகரத்தில் ஒரு கையெழுத்துப் போட உனக்கு யாருமே இல்லையா, மகளே? செல்லாது என்று பிரிக்காமலே ஒதுக்கிவைத்தேன்.

பிறகு என் ஓட்டைப் போடப் போனேன். முப்பது வருஷமாக அப்பா சொன்ன கட்சிக்கே போட்ட கை, அன்றைக்கு உன் கட்சிக்குப் போட்டது.

நேற்று உன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டார். அந்த ஒத்த ஓட்டு என்னுடையது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது.

அடுத்தவர் கடிதத்தை வெர்னா படிக்காமல் விட்டதே இல்லை. இதன் உறையை ஒட்டாமல்தான் அவளிடம் கொடுக்கப்போகிறேன். இது உன் கைக்கு வரும்போது நானும் உன் வாசலில் நிற்கலாம். கதவைத் திற. சாட்சிக் கையெழுத்துக்கு இனி நீ ஆள் தேட வேண்டாம்.

உன்னை விட்டுக்கொடுத்த
அம்மா