நீலமாகத் தெரிந்த துவாலை

அன்புள்ள உங்களுக்கு,

நானும் குழந்தையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டோம். கப்பலில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து இறங்கியதை உங்கள் அக்கா போனில் சொல்லியிருப்பார். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மூன்று நாள் தாமதமானது ஏன் என்று சொல்லியிருக்க மாட்டார். அதை நான்தான் சொல்ல வேண்டும்.

பிறந்த நான்காம் நாள் அக்கா குழந்தையைக் கையில் வாங்கி, என்னம்மா, பொண்ணு மஞ்சளா இருக்காளே என்றார். படுக்கையறை பல்பு மஞ்சள், அதன் கீழே நாம் எல்லாருமே அப்படித்தான் தெரிவோம் என்றேன். பன்னிரண்டு வருடமாக ஸ்டூடியோவில் முகங்களின் நிறத்தைச் சரிசெய்கிறவளிடம் வந்து நிறம் பேசுகிறாரே, கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாரே என்று உள்ளுக்குள் சிரிப்பு வேறு.

அன்று மாலை நீங்கள் அனுப்பிய வெள்ளைத் துவாலையில் படுக்கவைத்துப் படம் எடுத்தேன். கண் கூசுமே என்று ஃபிளாஷ் போடவில்லை. அறையில் வெளிச்சம் போதாது, அதனால் கேமரா ஒளி வாங்கும் அளவை, அந்த ஐ.எஸ்.ஓ.வை, 6400 வரை ஏற்றினேன். அவ்வளவு ஏற்றினால் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் விழும். அவற்றைக் கம்ப்யூட்டரில் வழித்தெடுத்தேன். பிறகு வொயிட் பேலன்ஸ். பல்பின் மஞ்சளைப் போக்க, குழந்தையின் முகம் ரோஜா நிறத்துக்கு வரும்வரை நீலத்தைக் கூட்டினேன். முகத்தைப் பார்த்து நிறுத்தக் கூடாது, வெள்ளைப் பொருள் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல.

மூன்று நாளும் இப்படியே படம் எடுத்துத் திருத்தி உங்களுக்கு அனுப்பினேன். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாள், சமர்த்து என்றேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். நம் குஞ்சு நிஜமாகவே பொன்னாகிக்கொண்டிருந்தது, பெற்றவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் உங்கள் செய்தி வந்தது. பொண்ணு அழகு, ஆனா நான் வாங்கினது வெள்ளைத் துண்டாச்சே, நீலத் துண்டு ஏது என்று கிண்டலாகக் கேட்டிருந்தீர்கள். படத்தைத் திறந்து நீலத்தைக் குறைத்தேன். துவாலை வெள்ளையானது. குழந்தை மஞ்சளானாள், கண்ணின் வெள்ளை உட்பட. போட்ட துணியோடு வண்டி பிடித்தோம்.

இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ரத்தத்தையே மாற்ற வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர். கண்ணைக் கட்டி மூன்று நாள் நீல விளக்கின் கீழே கிடத்தினார்கள். இப்போது அளவு இறங்கிவிட்டது. காமாலை அவ்வளவு ஏறினால் காதைப் பாதிக்கலாம் என்பதால் பதினெட்டாம் தேதி காதுப் பரிசோதனை வைத்திருக்கிறார்கள். நேற்று சமையலறையில் பெரிய பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. அவள் அசையவில்லை. நல்ல தூக்கம் என்கிறார் அக்கா. நானும் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நீங்களாவது திட்டி எழுதுங்கள். இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது, எதையும் திருத்தவில்லை.

விடுப்புக் கிடைத்தால் பதினெட்டாம் தேதிக்கு முன்னால் வந்துவிடுங்கள். வந்ததும் வாசலில் நின்றே மகளைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வழி பார்த்திருக்கும்
மனைவி